பத்திரமாக வைக்கவும்

மர்த் அம்மாள் செய்த ஒரே தப்பு, உயிலைத் தமிழில் எழுதியது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். யூரோவில் பென்ஷன் வாங்கியவர். வாசலில் வந்து படுக்கும் தெருநாயைக்கூடப் பிரெஞ்சில்தான் அதட்டுவார். அதுவும் புரிந்துகொண்டு எழுந்து போகும். அப்படிப்பட்டவர் உயிலையும் பிரெஞ்சிலேயே எழுதித் தொலைத்திருந்தால் கன்னியப்பனுக்கு இந்தக் கதி வந்திருக்காது. "எம் மீன்காரி படிச்சாலும் புரியணும்" என்று பிடிவாதமாகத் தமிழில் எழுதினார். மீன்காரிக்குப் புரிந்துவிட்டது. அரசாங்கத்துக்கும் புரிந்தது, ஆனால் தப்பாக.

மீன்காரியின் பெயர் செல்வாம்பாள். தேங்காய்த்திட்டுக்கு அந்தப் பக்கம், ஆற்று முகத்தில் கீழ்த்துறை என்று ஒரு சின்ன மீன் இறங்குதளம் இருக்கிறது. அங்கே ஏலம் எடுத்து வந்து முதலியார்பேட்டைத் தெருக்களில் விற்பவள். கீழ்த்துறையில் ஐஸ் உடைக்க இயந்திரம் உண்டு, வலை காயவைக்கச் சிமெண்டுத் தளம் உண்டு, பெரிய மனிதர்கள் வந்தால் ஏறி நின்று பேச ஒரு மேடைகூட உண்டு. பெண்களுக்குக் கழிப்பறை மட்டும் கிடையாது. விடிவதற்கு முன்னால் போய் வெயில் ஏறும்வரை ஏலத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீரே குடிப்பதில்லை.

ஒருநாள் மர்த் அம்மாள் வீட்டு வாசலில் சங்கரா மீனை நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதே செல்வாம்பாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். சிறுநீரகத்தில் கல் என்றார்கள். ஏன் கல் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மர்த் அம்மாள் இரண்டு மொழியிலும் எல்லா அரசாங்கங்களையும் திட்டித் தீர்த்தார். பிறகு உயில் எழுதினார். தம் வீட்டை விற்று வரும் பணத்தில் கீழ்த்துறைப் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாளும் குழாயில் தண்ணீரும் இருக்க வேண்டும். கட்டி முடிக்கும்வரை பணத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இதைச் செய்து முடிக்கும் அறங்காவலராகப் பக்கத்து வீட்டுக் கன்னியப்பனைப் போட்டார். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் கேட்டும் கிரில்லும் அடித்து ஓய்வு பெற்ற மனிதர், தாழ்ப்பாளாவது நன்றாகப் போடுவார் என்பது அவர் கணக்கு.

மர்த் அம்மாள் கண்ணை மூடினார். வீடு விற்றது. கீழ்த்துறைச் சங்கம் இடம் கொடுத்தது. கொத்தனார் நாள் பார்த்துவிட்டார். அறக்கட்டளைப் பணம் என்பதால் அறநிதிப் பாதுகாப்பு இயக்ககத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி என்று யாரோ சொன்னார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கன்னியப்பன் கிளம்பினார்.

இயக்ககம் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவரும் வெள்ளைத் தூணுமாக நின்ற பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. துணை இயக்குநர் சிவசங்கரி உயிலைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பணம் இப்ப எங்க இருக்கு?"

"பேங்க்ல மேடம்."

பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றது. யாரோ நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"பேங்க்லயா? உயில்ல என்ன போட்டிருக்கு, நீங்களே படிங்க."

"பணத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்."

"பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கேன் மேடம். பாஸ்புக்க பீரோவுல வெச்சிப் பூட்டி, சாவிய நானே இடுப்புல வெச்சினு இருக்கேன்."

சிவசங்கரி பொறுமைசாலி. பொதுமக்களோடு பேசிப் பேசி வந்த பொறுமை. "நீங்க பணத்தப் பணமா வெச்சிருக்கீங்க. அவங்க பத்திரமா வெக்கச் சொல்லியிருக்காங்க. பத்திரம்னா பத்திரம். கடன் பத்திரம். அதுவும் அறநிதிகள் முதலீடு பண்ணலாம்னு சட்டம் அங்கீகரிச்ச பத்திரம்."

கன்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் வேறு யாருக்கும் வராததால் அடக்கிக்கொண்டார். "பத்திரமான்னா ஜாக்கிரதையான்னு அர்த்தம் மேடம். புள்ளைங்கள பஸ் ஏத்தி உடறப்ப பத்திரமா போய்ட்டு வான்னு சொல்றோமே."

"அது வீட்ல பேசுற தமிழ். அதுக்கு அரசாணை கிடையாது."

இருந்தாலும் இயக்ககம் அவசரப்பட்டு முடிவெடுக்கும் இடமல்ல. எழுதியவர் பிரெஞ்சுக் குடிமகள் என்பதால், அவர் மனதில் பிரெஞ்சில் என்ன நினைத்திருப்பார் என்று கண்டறிய உத்தரவாயிற்று. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற வின்சான் வரவழைக்கப்பட்டார். வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். உயிலை மூன்று முறை படித்துவிட்டு, "ஆன் சுர்த்தே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டார். ஆனால் இயக்ககத்தில் பிரெஞ்சு தெரிந்தவர் யாரும் இல்லை. எனவே அதைத் தமிழாக்கம் செய்ய மறுபடி வின்சானையே கூப்பிட்டார்கள். அவர் "பத்திரமாக" என்று எழுதி இரண்டாவது கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார்.

"வுவாலா, முசியே. மொழிபெயர்ப்பு துல்லியமா இருக்கு. கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துடுச்சு பாருங்க" என்று கன்னியப்பனின் கையைக் குலுக்கினார்.

கோப்பு மேலே போக ஆங்கிலமும் வேண்டும் என்றார்கள். ஆங்கிலத்தில் அது "செக்யூரிட்டி" என்று ஆனது; கடன் பத்திரத்துக்கும் அங்கே அதுதான் பெயர். மூன்று மொழிகளும் ஒருமனதாக இருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை என்று சிவசங்கரி குறிப்பு எழுதினார். கன்னியப்பன் தலை சுற்றிக் கீழே இறங்கி வந்தபோது வாயிலில் காவலர் அம்மாவாசை பீடிக்கு நெருப்புத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னா பெருசு, வேலை முடிஞ்சுதா?"

"பணத்த செக்யூரிட்டில போட்டாத்தான் கையெழுத்தாம்."

அம்மாவாசை பதறிப்போனார். "எங்கிட்டயா? வேணாம்பா. எனக்கு நைட் டூட்டி வேற இருக்குது."

சட்டம் அங்கீகரித்த பத்திரங்கள் உலகத்தில் எத்தனையோ இருக்கலாம். இயக்ககத்தின் பட்டியலில் இருந்தது ஒன்றே ஒன்று. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இயங்கிய கரையோர வசதிப் பெருக்க ஆணையம் வெளியிட்ட பத்திரம். அந்த ஆணையத்தின் நோக்கம் என்னவென்று பெயர்ப்பலகையில் படித்த கன்னியப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. மீன் இறங்குதளங்களில் கழிப்பறை உள்ளிட்ட வசதிகளைக் கட்டித் தருவதுதான் நோக்கம். கடவுளே வழி காட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். பாவம்.

கீழ்த்தளத்து எழுத்தர் இந்தப் பத்திரத்தில் யார் யார் சட்டப்படி முதலீடு செய்யலாம் என்று உரக்கப் படித்துக் காட்டினார். வங்கிகள், காப்பீட்டுக் கழகங்கள், அறங்காவலர்கள், மைனர்களின் காப்பாளர்கள், சித்தசுவாதீனம் இல்லாதவர்களின் சொத்தை நிர்வகிப்பவர்கள்.

"இதுல நான் எதுல வர்றேன் சார்?"

எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போதைக்கு அறங்காவலர்."

"போட்ட பணம் திரும்பி வந்துடும் இல்ல?"

"சட்டப்படியான முதலீடுன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சிக்குங்க. நீங்களா ஒரு எடத்துல போட்டுப் பணம் போச்சுன்னா, உங்க மேல கேஸு. இதுல போட்டுப் போச்சுன்னா உங்கள ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது. எங்களையும் கேக்க முடியாது. எல்லாருக்கும் முழுப் பாதுகாப்பு."

"பணத்துக்கு?"

"அது பத்திரத்துல வராது" என்றார் எழுத்தர்.

பத்திரம் வழங்கும் விழா ஒரு ஓட்டலின் குளிரூட்டிய கூடத்தில் நடந்தது. ஆணையத்தின் தலைவர் ஆதிமூலம் ரோஜா மாலையோடு மைக்கைப் பிடித்தார்.

"பேரன்பு கொண்ட முதலீட்டாளர்களே! எங்கள் ஆணையத்தின் வரலாற்றில் இதுவரை ஒரு கட்டடம்கூட இடிந்து விழுந்ததில்லை. ஏனென்றால் அவசரப்பட்டு நாங்கள் எதையும் கட்டிவிடுவதில்லை. எங்களுக்கு நஷ்டம் என்பதே கிடையாது. வருமானம் இருக்கிறவனுக்குத்தானே நஷ்டம் வரும்? இந்தப் பத்திரத்தை வாங்கச் சட்டம் உங்களை அனுமதிக்கிறது. அனுமதிக்கிறது என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று பொருள். எங்கள் நிர்வாகத்தில் இந்த இரண்டுக்கும் இடையே எப்போதும் பாகுபாடு காட்டியதில்லை!"

கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. கன்னியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தி, பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அது ஆட்டோவுக்குள் நுழையவில்லை. தலையில் தூக்கிக்கொண்டு முதலியார்பேட்டை வரைக்கும் நடந்தார். வழியில் பார்த்தவர்கள் யாரோ பெரியவர் படம், இன்றைக்குக் கருமாதி போலிருக்கிறது என்று ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

செல்வாம்பாள் அந்தக் கண்ணாடியை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தாள். "கக்கூசு எங்கண்ணே?"

"இதுக்குள்ளதான் இருக்குது. வட்டி வந்ததும் கட்ட ஆரம்பிக்கலாம்."

வட்டி வரவில்லை. விசாரிக்கப் போனபோது உயிர்ச் சான்று தரவில்லையே என்றார் எழுத்தர். பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் சான்று கொடுப்பது இந்த ஊரில் பழக்கமான சமாசாரம்தான். ஆனால் மர்த் அம்மாள் இறந்ததால் அல்லவா இந்தப் பணமே வந்தது? கன்னியப்பன் அதைச் சொன்னார்.

"அந்த அம்மாவுக்கு வேணாம். உங்க அறக்கட்டளை உயிரோட இருக்கான்னுதான் சான்று. அதோட நோக்கம் நிறைவேறினு வருதுன்னு காட்டணும். கக்கூசு பாதியாவது எழும்பியிருக்கணும்."

"அத எழுப்பத்தான் சார் வட்டி கேக்குறேன்."

"அத எழுப்பினாத்தான் வட்டி."

கன்னியப்பன் கோபக்காரர் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் ஒன்றை எடுத்துச் சும்மா அடித்துக்கொண்டே இருந்தார். செல்வாம்பாளுக்கு மறுபடி கல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்கப் போனவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. சாவுக்குப் பிறகு மர்த் அம்மாளை எதிரில் பார்க்க நேர்ந்தால் என்ன பதில் சொல்வது, அதுவும் பிரெஞ்சில் திட்டினால் புரியக்கூடப் புரியாதே என்று கிடந்து மறுகினார்.

ஒருவழியாகப் பத்திரம் முதிர்வடையும் நாள் வந்தது. அன்றைக்குப் பணம் தருவதாக இருந்தது. அதற்குப் பதிலாக நீட்டிப்பு விழா நடந்தது. ஆதிமூலம் மறுபடி மாலையோடு வந்தார்.

"உங்கள் பணம் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி கேட்பதை நாங்கள் வரவேற்கிறோம். கழிப்பறை கட்டுவதற்கு முன் கழிப்பறை என்றால் என்ன என்று அறிய வேண்டாமா? அதற்காகக் குழு ஒன்று வெளிநாட்டு மீன் அங்காடிகளுக்குச் சென்று வந்தது. குழுவுக்குத் தலைமையேற்ற பெருமை எனக்கு உண்டு. கண்டறிந்ததை வைத்து எங்கள் அலுவலகத்திலேயே மாதிரிக் கழிப்பறை ஒன்றைக் கட்டி, அதிகாரிகளாகிய நாங்களே நாள்தோறும் சோதித்து வருகிறோம். சோதனை முடிவுகள் திருப்திகரமாக உள்ளன. ஆகவே பத்திரத்தின் காலத்தை மேலும் நீட்டிக்கிறோம்!"

மறுபடி ஒரு பொன்னாடை. கன்னியப்பன் அதை விழாக் கூடத்திலேயே நாற்காலி மேல் போட்டுவிட்டு நேராக இயக்ககத்துக்குப் போய் மாடிக்கு ஏறி, சிவசங்கரியின் முன்னால் நின்றார். இனிமேல் தன்னால் முடியாது, அறங்காவலர் வேலையே வேண்டாம் என்றார். அவர் முகத்தைப் பார்த்துச் சிவசங்கரிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. நல்ல மனசோடுதான் சொன்னார்.

"இவ்ளோ வருத்தப்படுவானேன்? வேணாம்னா வித்துடுங்க. இந்தப் பத்திரத்த வாங்க எப்பவும் ஆள் இருக்கும். அறநிதி வெச்சிருக்கவங்க, மைனர் பணம் வெச்சிருக்கவங்கன்னு வாரத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க. அவங்களுக்கும் வேற வழி கிடையாது. நாளைக்கு ஏலம் முடிஞ்சதும் அந்த மீன்காரம்மாவையும் இட்டுனு வாங்க. உங்க முழுப் பணமும் கைக்கு வந்துடும். பத்திரமா வெச்சாச்சு, உயிலுக்கு அது போதும். கட்ட ஆரம்பிச்சுடலாம்."

மறுநாள் செல்வாம்பாள் ஏலக் களத்திலிருந்து கூடையோடு நேராக வந்துவிட்டாள். கன்னியப்பன் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிப் பத்திரத்தை மட்டும் பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்குக் காலையில் பசித்தது.

பத்திரத்தை வாங்க வந்தவள் பெயர் கலைவாணி. பாகூர்ப் பக்கத்துக் கிராமம். ஒரு தொழிற்சாலை விபத்தில் புருஷன் போய்விட்டான். நஷ்ட ஈடாக வந்த பணம் அவள் மகளின் பெயரில் இருந்தது. மைனர் பணம், சட்டப்படியான பத்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவளிடமும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மேசையில் இருந்த எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சிவசங்கரி பேனாவைக் கன்னியப்பனிடம் நீட்டினார். "இங்க நீங்க, கீழ வாங்குற அந்தம்மா."

கன்னியப்பன் பேனாவை வாங்கினார். அப்போது கலைவாணி அவரிடம் கேட்டாள். "ஐயா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க இத்தினி வருஷம் வெச்சிருந்தவரு. இதுல போட்டா எம் பொண்ணோட பணம் பத்திரமா இருக்குமா?"

"பத்திரமாத்தான் இருக்கும்மா" என்றார் சிவசங்கரி. அவர் பொய் சொல்லவில்லை.

கன்னியப்பன் செல்வாம்பாளைப் பார்த்தார். அவள் சுவரில் சாய்ந்து, ஒரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், கொத்தனார் நாளைக்கே வந்துவிடுவார். இந்தப் பெண் எப்படியாவது அடுத்த ஆளைப் பிடித்துப் பத்திரத்தைத் தள்ளிவிட மாட்டாளா என்ன? அப்படித்தான் நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. பேனாவை மூடி மேசை மேல் வைத்தார்.

"மேடம் சொல்றது நெசந்தாம்மா. பத்திரமாவேதான் இருக்கும். எத்தினி வருஷம் ஆனாலும் பத்திரமாவே இருக்கும். பணமா மட்டும் ஆவாது. நீ கோர்ட்ல போயி எம் பொண்ணு பணத்த பேங்க்லயே வெக்கணும்னு அழுதாவது கேளு. இங்க போடாத."

சிவசங்கரி எழுந்துவிட்டார். அரசு அங்கீகாரம் பெற்ற பத்திரத்தைப் பற்றி அவதூறு பேசினால் என்னென்ன பிரிவுகளில் நடவடிக்கை எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கன்னியப்பன் அதைக் கேட்கவில்லை. செல்வாம்பாள் பக்கம் திரும்பினார், கண் கலங்கிவிட்டது.

"உன் கக்கூச தொலைச்சிட்டேன் செல்வா."

"இத அந்தப் பொண்ணு தலையில கட்டிட்டு வந்து கக்கூசு கட்டியிருந்தா, நான் அதுக்குள்ள காலே வெச்சிருக்க மாட்டேன்" என்றாள் செல்வாம்பாள். "அத வுடுண்ணே. இப்ப எனக்கு அவசரம். இங்க எங்க போறது?"

மூவரும் படியிறங்கினார்கள். கீழ்த்தளத்தின் கோடியில் மாதிரிக் கழிப்பறை இருந்தது. தேக்குக் கதவு, பித்தளைப் பூட்டு, 'அதிகாரிகள் மட்டும்' என்று பலகை. சாவி அம்மாவாசையிடம் இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

"தெறந்தா எஞ் சீட்டு கிழிஞ்சிடும் பெருசு."

கன்னியப்பன் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து விரித்தார். இத்தனை வருஷத்தில் அதை அவர் படித்த அளவுக்கு அச்சடித்தவர்கள்கூடப் படித்திருக்க மாட்டார்கள். கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். "நீயே படி."

அம்மாவாசை எழுத்துக் கூட்டினார். "ஆணையத்தின் அசையும், அசையாச் சொத்துகள் யாவும் இப்பத்திரம் வைத்திருப்பவருக்குப் பிணையாகும்."

"இது அசையுமா?"

அம்மாவாசை கதவைத் தட்டிப் பார்த்தார். "அசையாது."

"அப்ப தெற."

திறந்தார். செல்வாம்பாள் கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கன்னியப்பனுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது, நல்ல தாழ்ப்பாள். பத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றார்.

விருந்தொன்றில் சாப்பிட்டுவிட்டு வந்த ஆதிமூலம் வயிற்றைப் பிடித்தபடி தாழ்வாரத்தில் வேகமாக வந்தார். கதவருகே மீன் கூடையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"உள்ள யாரு?"

"பத்திரதாரர் சார்."

"என்னய்யா இது? எனக்கு அவசரம். எப்ப வருவாங்க?"

"முதிர்வுத் தேதி தள்ளிப் போயிருக்குது சார். நம்பிக்கையோட நில்லுங்க" என்றார் கன்னியப்பன். "முன்னால நிக்காதீங்க. அடுத்தது இந்தம்மா. அவங்களுக்குப் பின்னால வாங்க."

ஆதிமூலம் அம்மாவாசையைப் பார்த்தார். அம்மாவாசை கூரையைப் பார்த்தார். ஆதிமூலத்தின் வயிறு அதற்கு மேல் விவாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை. கலைவாணிக்குப் பின்னால் போய் நின்று, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

உள்ளே செல்வாம்பாள் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, கை கால் முகமெல்லாம் நிதானமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.